அரிசி டிரம்முக்குள் மூன்று மாங்காய்

நூல் மில் மூடியபின் சித்தப்பா உப்பளம் பகுதியில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். "சொந்தமா தொழில் இல்லையே" என்று ஆறு சம்பந்தங்கள் தட்டிப்போயின. ஏழாவது பெண்ணின் அப்பா ரைஸ் மில்லில் வேலை பார்ப்பவர் என்று தெரிந்ததும் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கைத்திறமையை அவருக்குக் காட்ட, தகரத்தை வளைத்து, அடியில் புனல்போல் சரிவு வைத்து, ஓர் அரிசி டிரம் செய்துவிட்டார். கீழே இருக்கும் தகட்டை இழுத்தால் அரிசி தானாகக் கொட்டும்.

மூட்டையைக் கொட்டுவதற்குமுன், வண்டு வராமலிருக்க அம்மா ஒரு கொத்துப் பச்சை வேப்பிலையை அடியில் போட்டாள். எட்டு வயதுக்காரியான நான், என் பங்குக்கு மூன்று மாங்காய்களை யாருக்கும் தெரியாமல் அதற்குள்ளேயே பழுக்க வைத்தேன். வைத்ததை மறந்தும்போனேன்.

ஒரு வாரம் கழித்துப் பெண்ணின் அப்பா வந்தார். காபி குடித்ததும் சித்தப்பா பெருமையாகத் தகட்டை இழுத்தார். நாலு அரிசி விழுந்து நின்றுவிட்டது. உலுக்கினார், ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவதும் போச்சு என்று எனக்கே தெரிந்தது.

பெரியவர் டிரம்மை விரலால் தட்டிப் பார்த்தார்.

"உள்ள ஈரம் இருக்கு தம்பி, குப்பையும் இருக்கு. அரிசி கட்டி புடிச்சு வாய அடைச்சிக்கிச்சு. மில்லுல தெனம் பாக்குறதுதான்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீழ்வாய்க்குள் கையை விட்டார். வேர்த்துப்போன வேப்பிலை வந்தது, நனைந்த அரிசிக் கட்டிகள் வந்தன, குழைந்து அழுகிய ஒரு மாம்பழமும் வந்தது. உடனே மொத்த அரிசியும் சரசரவென்று கூடமெங்கும் கொட்டியது. கூடவே இரண்டு மஞ்சள் மாம்பழங்கள் உருண்டோடின.

கதவுக்குப் பின்னால் நின்ற என்னைச் சித்தப்பா ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் அரிசியை அள்ளக் குனிந்தார்.

"நாந்தான் வச்சேன் மாமா, பழுக்கட்டும்னு" என்று நானே பெரியவரிடம் சொல்லிவிட்டேன்.

கல்யாணப் பேச்சே முடியவில்லை, அதற்குள் மாமாவாம்! அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பெரியவர் கண்ணில் நீர்வரச் சிரித்தார். பிறகு எல்லோரும் அரிசியை அள்ளிக்கொண்டே ஆளுக்கொரு துண்டு மாம்பழம் தின்றோம். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமான சம்பந்தப் பேச்சு அதற்குமுன் நடந்ததில்லை.

என் மாம்பழத்தின் ருசியில் மயங்கித்தான் அவர் பெண் கொடுத்தார் என்று பல வருடம் பீற்றிக்கொண்டேன். போன கோடையில் சித்தியிடமே அதைச் சொன்னேன்.

"போடி, யாரு வச்சதுன்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சாம். எங்கப்பா வீட்டுக்கு வந்து, 'ஒரு புள்ளைய மாட்டிவிடாதவன் எம்பொண்ணயும் மாட்டிவிட மாட்டான்'னாரு. அந்த டிரம்ம மட்டும் யாரும் வாங்கிடாதீங்கன்னாரு."