ரொமோ மணலில் செலின் ஓட்டிய வான்

மேரிசெலின் மன்னாரிலிருந்து டென்மார்க்குக்கு வந்து ஹேர்னிங்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் சேர்ந்தாள். தொழிற்சாலை மூடப்பட்டபோது அழுதுகொண்டிருக்கவில்லை. வயோதிபர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைக்குப் படித்தாள். அதற்குக் கார் ஓட்டத் தெரிய வேண்டும் என்றார்கள். அதையும் பழகினாள். பனி கொட்டும் காலைகளில், தெருவைத் துப்புரவாக்கும் வண்டி வருமுன்பே, ஊருக்கு வெளியே உள்ள பண்ணை வீடுகளுக்கு அவள் போய்ச் சேர்ந்துவிடுவாள்.

ஆனால் குடும்பமாகப் போகும்போது அவளுடைய கணவர் பீற்றர்தான் ஓட்டுவார். யாரும் தீர்மானிக்காமலே வந்துவிட்ட வழக்கம் அது.

போன கோடையில் பீற்றருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. சில மாதங்களுக்கு ஓட்டவோ பாரம் தூக்கவோ கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வழக்கமாக விடுமுறை என்றால் பாரிஸ், லண்டன் என்று உறவினர் வீடுகளில் போய் நிற்பார்கள்.

"இந்த முறை வீட்டிலேயே இருப்பம்" என்றார் பீற்றர்.

"நான் ஓட்டோகாம்பர் ஒண்டு வாடகைக்குச் சொல்லிப்போட்டன்" என்றாள் செலின். கட்டிலும் அடுப்பும் குளியலறையும் உள்ளேயே இருக்கும் பெரிய வான் அது.

"ஆர் வீட்டை போறம்?"

"ஒருத்தற்றை வீட்டையும் இல்லை. கடலுக்குப் போறம்."

மூத்த மகள் மரினாவும் இளையவள் விக்ரோரியாவும் டேனிஷில் ஏதோ சொல்லிக் கைதட்டினார்கள். பீற்றர் மட்டும் வாசலில் வந்து நின்ற வானின் நீளத்தை முன்னும் பின்னுமாக நடந்து பார்த்தார். "பஸ் மாதிரி இருக்குது. உம்மாலை ஏலுமோ?" என்றார். அவள் ஏறி இருந்து கண்ணாடிகளைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள்.

தெற்கே, ஜெர்மன் எல்லைக்குக் கிட்ட, நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இருக்கிறது. கடல் வற்றினால் அடிவானம் வரை சேறும் மணலும், பெருகினால் எல்லாம் தண்ணீர். அதற்குள் இருக்கும் ரொமோ தீவுக்குக் கடலின் நடுவே போட்ட நேர்த்தெருவில் செலின் வானை ஓட்டிப் போனாள். பக்கக் காற்று வானைத் தள்ளியது. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகள்மாருடன் கதைத்தபடியே இருந்தாள்.

ரொமோவின் கடற்கரையில் வாகனங்கள் இறங்கலாம். அவ்வளவு அகலமான, இறுகிய மணல். மற்றவர்கள் கரையின் மணல்மேட்டோரமாக நிறுத்தியிருந்தார்கள். செலினுக்கு அது போதவில்லை. சமையலறை யன்னலால் அலை தெரிய வேண்டும் என்று இன்னும் முன்னால் விட்டாள்.

"காணும் செலின், இவ்வளவு போதும், மண் ஈரமாக் கிடக்குது" என்றார் பீற்றர்.

"ஒண்டும் செய்யாது."

சோறு வடித்து, றால் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது மேற்குக் காற்று எழும்பிக் கடல் பெருகத் தொடங்கியது. வெளியே நின்ற விக்ரோரியா கத்தினாள். தண்ணீர் முன்சில்லுகளைத் தொட்டுவிட்டது. செலின் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் வானை இயக்கினாள். சில்லு சுழன்றது, வான் நகரவில்லை, கீழேதான் இறங்கியது. உடனே நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தாள். ரயர் பாதிக்கு மேல் மணலுக்குள்.

"நான் சொன்னனான் எல்லே" என்றார் பீற்றர்.

"ஓம், சொன்னனீங்கள். பிழை என்னிலைதான். சண்டையைப் பிறகு பிடிப்பம், இப்ப தண்ணி வருது."

அவளுடைய குரலில் நடுக்கம் இல்லை. வானின் தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிடும்படி பீற்றரிடம் சொன்னாள். பாரம் குறையட்டும் என்று. மரினாவும் விக்ரோரியாவும் சட்டி மூடிகளால் சில்லுகளைச் சுற்றித் தோண்டினார்கள். செலின் முன்ரயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். பனியில் புதைந்த காரை எடுக்கிற மாதிரியே, கால்மிதிகளைச் சில்லுகளுக்குப் பின்னால் செருகினாள். மேட்டில் நின்ற ஜெர்மன்காரத் தம்பதி மண்வெட்டியோடு ஓடி வந்தார்கள். பீற்றரும் தள்ளப் போனார்.

"நீங்கள் தள்ளப்படாது, கண்ணுக்குக் கூடாது! பின்னுக்குப் போய் எனக்கு வழி காட்டுங்கோ."

முதல் முயற்சியில் வான் அசைந்துவிட்டுத் திரும்பவும் அமர்ந்தது.  வாடகை வானை இழந்தால் என்ன செய்வது என்று செலின் ஒரு கணம் நினைத்தாள். பிறகு இன்னும் தோண்டச் சொன்னாள். இரண்டாம் தரம் மிக மெதுவாகப் பின்னுக்கு எடுத்தாள். முழங்கால் தண்ணீரில் நின்று மகள்மாரும் ஜெர்மன்காரரும் முன்னாலிருந்து தள்ள, வான் கால்மிதிகளின் மேல் ஏறி, ஒரு குலுக்கலோடு விடுபட்டது. இறுகிய மணல் வரும்வரை அவள் நிறுத்தவேயில்லை.

செலின் வானை விட்டு இறங்கினாள். படியில் இருந்துகொண்டு சத்தமாகச் சிரித்தாள். ஜெர்மன்காரருக்கும் சேர்த்துச் சோறு பரிமாறினாள். றால் குழம்பு பாதி தரையில் ஊற்றுண்டு போயிருந்தது; மிச்சம் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. அந்த ஜெர்மன்காரி உறைப்புக்குக் கண்ணீர் விட்டபடி மறுபடியும் சோற்றுக் கோப்பையை நீட்டினாள்.

மறுநாள் காலை ரயர்களுக்குக் காற்றடித்துவிட்டு, "திரும்பவும் கடற்கரைக்குப் போறம்" என்றாள் செலின். பிள்ளைகள் ஆளையாள் பார்த்தார்கள். இந்த முறை அவள் முதலில் இறங்கி, செருப்பில்லாமல் நடந்து, குதிக்காலால் மணலை அழுத்திப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள். கடல் வெகுதூரம் வற்றிக் கிடந்தது. தூரத்து மணல்திட்டில் கடல்நாய்கள் படுத்திருந்தன.

பீற்றர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாமே?"

"இஞ்சை காணும்" என்று சொல்லி அவள் பிரேக்கை மிதித்தாள்.