‘வளர்த்து வருகிறேன்’

முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் மனுக்களைத் திருத்தியவன் நான். தொண்ணூறுகளில், ஓய்வு பெற்றபின், ராஜபாளையம் வீட்டில் ஒரு நட்சத்திர ஆமை வளர்த்தேன். முறைப்படி அனுமதி கேட்டு, மூன்று பிரதிகளில் மனு எழுதி, ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை அலுவலகத்தில் கொடுத்தேன்.

எழுத்தர் படித்துவிட்டுச் சிரித்தார்.

“‘வளர்த்து வருகிறேன்’னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கீக. இது மனு இல்ல சார், வாக்குமூலம். நட்சத்திர ஆமைய வீட்டுல வளக்கவே கூடாதுன்னு சட்டம்; கேஸ் போட்டா ஜெயிலுதான்.”

“அனுமதி கேட்டது குத்தமாய்யா?”

“கேக்காமலே உங்க தெருவுல நாலு வீட்டுல வளக்காக. அவுக காயிதம் எங்ககிட்ட இல்லையே!”

உள்ளே இருந்த வனத்துறை அதிகாரி என் வயதைப் பார்த்து மனுவைக் கிழித்தார். ‘வழியில் கண்டெடுத்து ஒப்படைக்கிறேன்’ என்று புதிதாக எழுதச் சொன்னார். எழுதினேன். ஆமை செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போனது. உண்மை எழுதியதற்கு ஜெயில் மிரட்டல்; பொய் எழுதியதற்கு முத்திரையிட்ட ரசீது!

இப்போதெல்லாம் எந்த மனுவிலும் கையெழுத்திடும் முன், வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.