கடலடிக் கச்சேரியில் ஒரு கொட்டாவி

எங்கள் இசைக்குழுவுக்கு வயது எழுநூறு. அதில் கடைசி இரண்டு வருடம் மட்டும்தான் நிஜம். மீதியை நான் எழுதினேன். சாங்கியில் நான் வேலை செய்யும் விமானச் சரக்குக் கிடங்கில் கிடைக்கும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கோழிச்சோற்றுப் பொட்டலத்தை ஒரு பக்கம் பிரித்து வைத்துக்கொண்டு எழுதினேன்.

நான் வயலின் வாசிக்கிறவள். பத்து வயதில் ஆரம்பித்து, கர்நாடக சங்கீதத்தில் அரங்கேற்றம் வரைக்கும் போய், அதற்குப் பிறகு நவராத்திரிக்கு யாராவது கூப்பிட்டால் மட்டும் பெட்டியைத் திறக்கிறவளாக ஆகியிருந்தேன். மெட்டல் என்கிற இசையைப் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாகத்தான் கேட்டிருக்கிறேன், அதுவும் திட்டிக்கொண்டே. இந்த மெட்டல் குழுவின் பாடகர் என்னைத் தேடி வந்தபோது ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இளம்பெண்கள் மூன்று பேரைக் கேட்டாராம், மூன்று பேரின் அம்மாக்களும் மறுத்துவிட்டார்களாம். எனக்கு நாற்பத்து மூன்று வயது, மறுப்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. போய்ப் பார்த்தால் குறைந்தா போய்விடுவேன் என்று போனேன்.

பூன் லேயில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் பயிற்சி. பாடகர் வார நாட்களில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். வார இறுதியில் இடுப்பு வரை தொங்கும் சவுரியை மாட்டிக்கொண்டு கிதாரை மீட்டிக்கொண்டே கர்ஜிப்பார். அந்தக் கர்ஜனையில் ஒரு வார்த்தையும் புரியாது. பாட்டை எழுதிக் கொடுத்த எனக்கே புரியாது. டிரம்ஸ் வாசிப்பது பல் மருத்துவரிடம் வேலை செய்யும் ஒரு சீனப் பெண். தமிழ் தெரியாது, தாளத்தை எல்லாம் எண்களாகவே மனத்தில் வைத்துக்கொள்வாள், ஓர் எண் பிசகாது. நான்காவது ஆள் உறுமிமேளக்காரர். கப்பல் பட்டறையில் வெல்டர், நல்ல தொப்பை, இருபது வருடமாகக் கோயில் திருவிழாக்களில் வாசிக்கிறவர். உறுமியை வளைந்த குச்சியால் தேய்த்து வாசிப்பார்கள், அடிவயிற்றிலிருந்து வரும் முனகல் மாதிரி ஒரு சத்தம் வரும். அதையும் கிதாரையும் முதல் தடவை சேர்த்துக் கேட்டபோது, இவை இரண்டையும் இத்தனை நாள் ஏன் பிரித்து வைத்திருந்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மெட்டல் குழு என்றால் ஒரு சரித்திரம் வேண்டும் என்றார் பாடகர். வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாம் பனிமலை, கோடாலி, செத்துப்போன ராஜா என்று ஒரு கதையை வைத்துக்கொண்டுதான் மேடை ஏறுவார்களாம். நமக்கு ஏது பனிமலை? யோசித்து யோசித்து ஒரு கப்பலைப் பிடித்தேன். நாகப்பட்டினத்திலிருந்து கடாரத்துக்கு ஒரு மேளக்குழு கப்பலேறுகிறது. வழி தவறி, நம் தீவுக்குப் பக்கத்தில் புயலில் மூழ்கிப்போகிறது. ஆனால் அவர்கள் சாகவில்லை, கடலடியில் கச்சேரி செய்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவி கடல் நாச்சி என்கிற மேளக்காரி. பிற்பாடு கடலில் மண்ணைக் கொட்டி நிலமாக்கினோம் அல்லவா, இருக்க இடமில்லாமல் அவர்கள் கரையேறிவிட்டார்கள். இப்போது அடுக்குமாடி வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்தக் கடைசி வரியைப் பாடகர் எடுத்துவிட்டார். மெட்டலில் சிரிப்பு கூடாதாம்.

வேடிக்கை என்னவென்றால் சனங்கள் நம்பினார்கள். முதல் நிகழ்ச்சி முடிந்ததும் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வந்து, இதற்குக் கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடலுக்கடியில் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். இல்லாத ஒருத்தியை உண்டாக்கி ஊரில் நடமாட விடுவது இவ்வளவு சுலபமா என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அவள் இன்னும் எவ்வளவு தூரம் போவாள் என்று பார்க்கிற ஆசையும் வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் என் அண்ணியை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டேன்.

அண்ணன் மாரடைப்பில் போய் அப்போது ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அண்ணி குவீன்ஸ்டவுனில் பழைய அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் மேளம் உச்சத்துக்குப் போனால் அண்ணிக்கு அருள் வரும். வருடம் தவறியதே இல்லை. அண்ணன் போன பிறகு வந்த ஆடியிலும் மேளத்துக்கு முன்னால் போய் நின்றார். எதுவும் வரவில்லை. சுற்றி நின்ற பெண்களுக்கு, வெறும் வாயை மென்றுகொண்டிருக்கையில் அவல் கிடைத்த மாதிரி ஆனது. தாலி போனதும் சாமியும் போயிட்டா என்று ஒருத்தி சொன்னது அண்ணியின் காதில் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. நான் அந்தப் பொம்பிளையை நாலு வார்த்தை கேட்டுவிட்டேன், அதனால் என்ன பிரயோசனம். அண்ணி அதன் பிறகு கோயிலுக்கே போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு ஒரு தடவைதான் பதில் சொன்னார்.

"அவ என்னைக் கைவிட்டுட்டா மா. இனி எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

புருஷன் போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டார், இதைத் தாங்க முடியவில்லை. எனக்குச் சாமி நம்பிக்கை வருவதும் போவதுமாக இருக்கும், ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சனிக்கிழமை முழுக்க வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்கு, என் கூத்தைப் பார்த்துவிட்டாவது போகட்டும் என்று வற்புறுத்தினேன்.

அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் பாடகருக்கும் உறுமிக்காரருக்கும் பெரிய தகராறு. கடல் நாச்சி கரையேறும் இடத்தில், கோயிலில் சாமியை அழைக்கும் அடியை வாசிக்க வேண்டும் என்றார் பாடகர். முடியாது என்றார் உறுமிக்காரர். மேடைக்குச் செருப்புக் காலோடு வரமாட்டார், அன்றைக்குப் பீர் தொடமாட்டார், நாங்கள் எல்லாரும் முகத்தில் வெள்ளைச் சாயம் அப்பிக்கொள்ளும்போது அவர் மட்டும் நிஜ விபூதியைப் பூசிக்கொள்வார். அப்படிப்பட்டவரிடம் போய் இதைக் கேட்டால்? ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் பாதி மட்டும் வாசிக்கிறேன் என்று இறங்கி வந்தார். அழைக்கும் அடியின் முதல் பாதியோடு நிறுத்திவிட்டால் அது வெறும் மேளம்தான், பின்பாதியும் சேர்ந்தால்தான் அழைப்பு என்றார். பயிற்சியில் எல்லாம் அப்படியே பாதியில் நிறுத்தினார். நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் டிரம்ஸ்காரப் பெண் தலையை நிமிர்த்தி அவரைப் பார்ப்பாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிகழ்ச்சி லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மேல்தளத்தில். நூறு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடம். கீழே மளிகைக்கடை, அதனால் எங்கள் புகை இயந்திரத்தின் வாடையோடு பெருங்காயமும் சேர்ந்து வந்தது. அக்கம்பக்கத்தார் புகார் சொல்வார்கள் என்று மாலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டோம். அண்ணி கடைசி வரிசை நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பருக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாட்டில் கடல் நாச்சி கரையேற வேண்டும். உறுமி முனக ஆரம்பித்தது. நான் மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தேன். கொட்டாவி விட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. இவ்வளவு சத்தத்தில் ஒருவருக்குத் தூக்கம் வருமா? இன்னொரு கொட்டாவி, வாய் கிழிய. வில்லை இழுத்துக்கொண்டே அவரையே முறைத்தேன். மூன்றாவது கொட்டாவியில்தான் எனக்கு உறைத்தது. திருவிழாவில் அருள் வருவதற்கு முன்னால் அண்ணி இப்படித்தான் கொட்டாவி விடுவார்.

உறுமிக்காரர் சொன்னபடி பாதியில் நிறுத்தினார். ஆனால் அடி நிற்கவில்லை. டிரம்ஸ்காரப் பெண் மீதியைத் தன் கால்களால் பெரிய மேளத்தில் வாசித்தாள், இரண்டு மிதிகட்டையையும் மாறி மாறி மிதித்து. உறுமிக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அடி முழுசாக முடிந்துவிட்டது. கைப்பை தரையில் விழ அண்ணி எழுந்துவிட்டார்.

கொண்டை அவிழ்ந்து, கண் மேலே செருகி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஆடி வந்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. இதுவும் நாடகம் என்று நினைத்து எல்லாக் கையிலும் கைத்தொலைபேசி உயர்ந்தது. ஒரு ஆன்ட்டி இவ்வளவு ரசிக்கிறாரே என்று பாடகர் மகிழ்ந்துபோய், அவரைப் பார்த்தே கர்ஜித்தார். உறுமிக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார். திடீரென்று மேளத்தை நிறுத்தினால் ஆளுக்கு ஆகாது, அதனால் அவர் மறுபடி உறுமியை வாசித்துக்கொண்டே, நீ போய்ப் பிடி என்று எனக்குத் தலையால் சைகை செய்தார். வயலினை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை. மேடையிலிருந்து இறங்கி, பின்னால் போய் அண்ணியின் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அண்ணி என்னைவிட ஒரு சுற்றுப் பெரியவர். அவர் ஆடிய ஆட்டத்துக்கு நானும் சேர்ந்து ஆடினேன்.

அருள் வந்தவரிடம் யார் வந்திருப்பது என்று கேட்க வேண்டும். கேட்காமல் விடக்கூடாது, அது முறை. அங்கே கேட்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"யாரு தாயே வந்திருக்கிறது?"

"என்னையா யாருன்னு கேக்குற?"

அண்ணியின் குரல்தான், ஆனால் ஆறு வீடு தாண்டிக் கேட்கும் குரல். பயம் ஒரு பக்கம், பாழாய்ப்போன என் ஆவல் ஒரு பக்கம். நான் உண்டாக்கி விட்டவள் இவ்வளவு தூரம் வந்துவிட்டாளா? அப்படி இருந்தால், விழித்த பிறகு அண்ணியிடம் நான் என்ன சொல்வேன்? கோழிச்சோறு சாப்பிட்டுக்கொண்டே நான் எழுதிய பொம்பிளைதான் உங்கள் மேல் வந்தாள் என்றா? கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்டேன்.

"கடல் நாச்சியா?"

ஆட்டம் ஒரு கணம் நின்றது. தலையைத் திருப்பி, மையும் வெள்ளைச் சாயமும் வழிகிற என் முகத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அது யாரு?"

உறுமிக்காரர் அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கினார். கையில் எலுமிச்சை இல்லை, வேப்பிலை இல்லை. தன் நெற்றியிலிருந்த விபூதியை வழித்து அண்ணியின் நெற்றியில் பூசினார். அம்மன் மலையேறினாள். அண்ணி அப்படியே என் மேல் சாய்ந்தார், கூட்டம் கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் டிரம்ஸ்காரப் பெண் மருண்டுபோய் நின்றாள். பல வாரமாக அந்த அடி முடியாமல் தொங்கிக்கொண்டிருந்ததாகவும், முதல் பாதியின் கணக்கை வைத்துப் பின்பாதி என்னவாக இருக்கும் என்று தானே போட்டுப் பார்த்ததாகவும், உறுமிக்காரரை மகிழ்விக்கலாம் என்று மேடைக்காகச் சேர்த்து வைத்திருந்ததாகவும் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கணக்கு சரியா என்று மட்டும் அவள் கேட்டாள். ஓர் அடி பிசகவில்லை என்றார். அவள் சந்தேகம் தீர மேசையில் தட்டிக் காட்டப் போக, அவசரமாக அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அடுத்த மாதமும் ஆன்ட்டி வருவாரா என்று பாடகர் சவுரியோடு எட்டிப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் போய்விட்டார்.

அண்ணியைப் பின்சந்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, கீழ்க்கடையில் வாங்கிய பார்லித் தண்ணீரைக் கொடுத்தேன். வெளியே இன்னும் வெயில் இருந்தது. அருள் வந்தவர்களுக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது. பாதிப் பாட்டிலைக் குடித்துவிட்டு, யாரென்று சொன்னேன் என்று கேட்டார். பேர் சொல்லவில்லை என்றேன். பிறகு நான் கேட்ட கேள்வியையும் அதற்கு அம்மன் சொன்ன பதிலையும் சொன்னேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, புரையேறும் வரை சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சிரித்து ஓய்ந்த பிறகு, பின்னால் நின்று பிடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"இத்தனை வருஷமும் உங்க அண்ணன்தான் பிடிப்பாரு. ஒரு தடவைகூட என்னைக் கீழ விட்டதில்ல. அவரு போன பிறகும் மேளம் கேட்டா உடம்பு முறுக்கத்தான் செஞ்சுச்சு. விழுந்தா யாரு பிடிப்பான்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அவ கைவிடல மா. நான்தான் வர விடல."

இன்றைக்கு மட்டும் எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ கண்ணை எடுக்காம என்னையே பாத்துக்கிட்டு நின்னியே. இவ இருக்கான்னு தோணுச்சு, விட்டுட்டேன்."

கொட்டாவிக்காக முறைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகச்சாயம் எல்லாம் கரைய அழுதேன். அண்ணி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். சேலையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டது. ஆடித் திருவிழாவுக்கு உனக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன்.