ஒருத்தி எத்தனை கையைப் பிடிப்பாள்?

இங்கே பொம்மையிடம் அனுமதி கேட்க வேண்டும். இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நர்சிங் பள்ளியில் ஸ்கில்ஸ் லேப் என்று ஒரு நீண்ட கூடம் இருக்கிறது. வரிசையாகக் கட்டில்கள், கட்டிலுக்கு ஒரு பொம்மை. பொம்மைக்குப் பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு, மணிக்கட்டில் அடையாளப் பட்டை உண்டு. மூச்சு விடும், இருமும், பட்டனை அழுத்தினால் வலிக்கிறது என்று முனகும். என் மாணவி ஊசியை எடுப்பதற்கு முன் குனிந்து, "மிஸ்டர் வில்சன், உங்கள் கையைத் தொடலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நான் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும் பாடாக இருந்தது. இப்போதெல்லாம் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. மிஸ்டர் வில்சன் மேல் அல்ல. அவர் பாவம், பிளாஸ்டிக்.

நான் படித்த கல்லூரியிலும் ஒரு பொம்மை இருந்தது. தர்மபுரிக்கு வெளியே, சேலம் சாலையில் இருக்கும் கல்லூரி. பொம்மை ஒன்றே ஒன்றுதான். அதைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள், சாவி தாளாளரிடம் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் பொம்மை வெளியே வரும். துடைத்து, கட்டிலில் படுக்கவைத்து, வெள்ளைத் துணி போர்த்துவார்கள். நாங்கள் சுற்றி நின்று, நேற்றுவரை அதோடு குடித்தனம் நடத்தியவர்களைப்போல முகத்தை வைத்துக்கொள்வோம். அதிகாரிகளின் கார் கேட்டைத் தாண்டியதும் பொம்மை மறுபடி பீரோவுக்குள் போய்விடும். ஆயுத பூஜை அன்று பீரோக் கண்ணாடியில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டுக் கும்பிடுவோம். படித்து முடிக்கும்வரை அதன் கையை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

அப்படியென்றால் ஊசி போட எப்படிக் கற்றேன் என்று கேட்பீர்கள். மங்கையர்க்கரசி மிஸ் கற்றுக்கொடுத்தார். மங்கை மிஸ் என்போம். முதலில் சாத்துக்குடியில் போடச் சொன்னார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் முதல் நோயாளி பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து விவசாயி, நல்ல காய்ச்சலில் கிடந்தார். ஊசியை எடுத்துவிட்டேன், கை ஆடுகிறது. அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "போடப் போறியா, இல்ல தாலாட்டப் போறியா ஆத்தா?" என்றார். வார்டே சிரித்தது. மங்கை மிஸ் சிரிக்கவில்லை. பின்னால் வந்து நின்று, தன் கையை என் கைமேல் வைத்தார். இறுக்கிப் பிடிக்கவில்லை, சும்மா வைத்தார். நடுக்கம் நின்றது. ஊசி இறங்கியது. என் வகுப்பில் ஒவ்வொருத்தியின் முதல் ஊசியும் அந்தக் கைக்குக் கீழேதான் இறங்கியது. இந்த வேலையை வாயால் சொல்லிக் கொடுத்துவிட முடியாது. ஒரு கைதான் இன்னொரு கைக்குச் சொல்லித்தர முடியும்.

இங்கே தினமும் செய்தியில் நர்ஸ் பற்றாக்குறை என்று புலம்புகிறார்கள். வார்டுகளில் ஆள் இல்லை, இருக்கிறவர்களும் களைத்துப்போய் வேலையை விடுகிறார்கள். அதனால் எங்கள் பல்கலைக்கழகம் நர்சிங் பள்ளியைப் பெரிதாக்குகிறது. கண்ணாடிச் சுவர் வைத்துப் புதுக் கட்டடம் கட்டிவிட்டார்கள். மாணவர் இடங்களைக் கூட்டிவிட்டார்கள். மிஸ்டர் வில்சனுக்குப் புதிதாகப் பக்கத்துக் கட்டில்காரர்கள் பலர் வந்துவிட்டார்கள். எல்லாம் வந்தபிறகுதான், சொல்லித்தர ஆள் இல்லை என்பது கண்ணில் பட்டது. இருக்கும் ஆசிரியர்களுக்கு ஓய்வுபெறும் வயது. இளையவர்கள் பாடம் நடத்த வருவதில்லை. எங்கள் டீன் ஹெலன் நல்ல பெண்மணி, பிறந்தநாளுக்குத் தன் கையால் கேக் செய்து கொண்டுவருவார். அவர் என்னைக் கூப்பிட்டு, "சுமதி, உன் ஊரில் நன்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் இருப்பார்களே?" என்றார். உன்னைப் பார்த்தாலே தெரிகிறதே என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தப் பாராட்டில் நான் குளிர்ந்துதான் போனேன். போன வருடக் கடைசியில் அவரோடு தர்மபுரிக்குப் போய் இறங்கினேன்.

கல்லூரியில் செண்டை மேளம் வைத்திருந்தார்கள். தாளாளர் ஹெலனை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப்போய்ப் பரிசலில் சுற்றிக்காட்டி, மீன் வறுவல் வாங்கிக் கொடுத்து, மறுநாள் கல்லூரியைக் காட்டினார். பீரோ திறந்தது. நான் படித்த காலத்துப் பொம்மைதான், ஒரு கீறல் இல்லை. ஹெலன் அதன் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "எங்கள் பொம்மைகள் ஒரு வருடத்தில் கிழிந்துவிடுகின்றன. நீங்கள் எவ்வளவு அருமையாகப் பராமரித்திருக்கிறீர்கள்!" என்றார். தாளாளர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னார். மங்கை மிஸ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு ஆசிரியைக்கு எத்தனை மாணவிகள் என்று ஹெலன் கேட்டபோது, தாளாளர் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். "எத்தன பேர் வந்தாலும் எங்க மேடம் ஒருத்தரே சமாளிப்பாங்கன்னு சொல்லும்மா" என்றார். சொன்னேன். ஹெலனின் புருவம் ஏறியது.

தாளாளர் சொன்னதில் பொய் இல்லை. சமாளித்துக்கொண்டுதான் இருந்தார் மங்கை மிஸ். பிரின்சிபால் நாற்காலி காலி, அவர்தான் பொறுப்பு. உடன் இருந்த ஆசிரியைகள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். காலையில் முதல் வருடத்துக்குப் பாடம், மத்தியானம் மூன்றாம் வருடத்தோடு வார்டு. வார்டிலோ ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். அந்த அக்கா, "நீங்க பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்தாத்தான் மிஸ் நான் ஒரு வாய் தண்ணி குடிக்க முடியுது" என்று என் முன்னாலேயே சொன்னார். படிக்க வந்த பெண்கள் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். சொல்லித்தர வந்தவர் மேற்பார்வை, வருகைப் பதிவு, ஹாஸ்டல் சாப்பாட்டுப் புகார் வரைக்கும் பார்க்கிறார். இன்னொரு ஆசிரியை வேண்டும் என்று அவர் கேட்காத கூட்டம் இல்லை. பார்க்கலாம் மேடம், பார்க்கலாம் மேடம் என்றே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

அன்று ஹெலனுக்கு வைத்த வரவேற்பு விழா மேடையில், மங்கை மிஸ் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டுவிட்டு, தாளாளர் மைக்கைப் பிடித்தார். வரும் ஆண்டு முதல் மாணவியர் சேர்க்கை இரண்டு மடங்காகிறது என்று அறிவித்தார். ஒரே கைத்தட்டல். கல்லூரி வளர்கிறதாம். இரண்டு கல்லூரிகளும் வளர்கின்றன, இரண்டுக்கும் கண்ணில் பட்டது ஒரே ஆசிரியைதான் என்பது மேடையில் இருந்த யாருக்கும் உறைக்கவில்லை. மங்கை மிஸ் மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

விழா முடிந்து ஆசிரியர் அறையில் ஹெலன் பேச்சை எடுத்தார். எங்களிடம் வாருங்கள், விசா, வீடு எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை மங்கை மிஸ் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "நான் வர்றேன்னு சொல்லும்மா. ஆனா எனக்குப் பதிலா அவங்க காலேஜில இருந்து ஒருத்தர இங்க அனுப்பணும். அவங்களுக்கும் விசா, வூடு எல்லாம் நாங்க பாத்துத் தர்றோம். பிள்ளைங்கள அந்தரத்துல வுட்டுட்டு வர முடியாதில்லங்களா?" அப்படியே மொழிபெயர்த்தேன். ஹெலன் கலகலவென்று சிரித்தார். "அற்புதமான நகைச்சுவை உணர்வு" என்று மங்கை மிஸ்ஸின் தோளைத் தட்டினார். டீன் சிரிக்கிறாரே என்று தாளாளரும் சிரித்தார்.

"ஏம்மா சிரிக்கிறாங்க? நான் ஜோக்கா சொன்னேன்?"

அங்கிருந்து இங்கே வரலாம், இங்கிருந்து அங்கே ஒருத்தரை அனுப்பு என்றால் அது வேடிக்கை. இதை எந்த மொழியில் நாகரிகமாகச் சொல்வது? அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு எரிகிறது.

அன்று மாலை வராந்தாவில் வெண்ணிலா என்னிடம் வந்தாள். முதல் வருடம். சித்தேரி மலைமேல் ஒரு சிற்றூரிலிருந்து இறங்கி வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிப்பவள். "எங்க மலைக்கு வர்ற நர்ஸம்மாங்க நிக்கறதில்லீங்க மிஸ். பஸ்ஸுக்கே அலுத்துப் போயி மாத்தல் வாங்கிட்டுப் போயிடறாங்க. நான் படிச்சுட்டு எங்க ஊருக்கே போயிடுவேன்" என்றாள். நானும் என் ஊரான பாலக்கோட்டை விட்டு எங்கும் போகமாட்டேன் என்று இதே வராந்தாவில் சொன்னவள்தான். சரிம்மா என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் வார்டுக்கு வெளியே மங்கை மிஸ் முடிவைச் சொன்னார். "ஒரு ஆளக்கூட எடுத்துக் குடுக்கல சுமதி. பிள்ளைங்கள மட்டும் ரெண்டு பங்கா ஏத்திட்டாங்க. எனக்கு இருக்கிறது ஒரு கை. ஒருத்தி எத்தன கையப் புடிப்பா? தப்பா ஊசி போடற பிள்ளைங்கள உண்டாக்கி அனுப்பறதுக்கு நான் போயிடறதே மேல்." குரல் உயரவில்லை. போகாதீர்கள் மிஸ் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, போனவள் நான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்துவிட்டார். வந்தவரை ஹெலனின் கண்ணாடிக் கட்டடம் உடனே உள்ளே விடவில்லை. அவர் ஊரில் சொல்லிக்கொடுத்த வருடங்கள் இங்கே கணக்கில் சேராதாம். முதலில் இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும், அதுவரை வார்டில் உதவியாளர் வேலை. ஒரு மாவட்டத்துக்கே நர்ஸ்களை உண்டாக்கியவர், கை கழுவுவது எப்படி என்று இருபது வயதுப் பையனிடம் செய்துகாட்டித் தேறினார். "நல்லா கழுவறேன்னு சொன்னான்மா" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆக, இங்கும் அவர் இன்னும் பாடம் நடத்தவில்லை, அங்கும் நடத்தவில்லை. நாங்கள் அவரை அள்ளிக்கொண்டு வந்ததாவது யாருக்காவது பயன்பட்டதா என்றால் அதுவும் இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. தர்மபுரியிலிருந்து தம்பி ஒரு படம் அனுப்பினான். பேருந்து நிலையத்துக்கு எதிரே பெரிய ஃபிளெக்ஸ். 'இங்கிலாந்துப் பேராசிரியைகள் பாடம் நடத்தும் கல்லூரி.' ஒரு பக்கம் மங்கை மிஸ், மறுபக்கம் நான், நடுவில் கும்பிட்டபடி தாளாளர். அத்தனை வருடம் அங்கேயே நின்று உழைத்தபோது மங்கை மிஸ்ஸின் முகத்தை ஒரு நோட்டீஸில்கூடப் போட்டதில்லை. போனபிறகு ஆள் உயரத்துக்குப் போட்டிருக்கிறார்கள். நான் செய்த காரியம்தான் அவர்களுக்குப் பிடி கொடுத்துவிட்டது. பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே என்று மனம் கேட்காமல், வாரத்தில் சில நாட்கள் வீடியோவில் வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். எனக்குக் காலை, அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். வகுப்பறைச் சுவரில் என் முகத்தைப் பெரிதாக விழச்செய்து உட்கார்ந்திருப்பார்கள். நான் வகுப்பெடுப்பதால் புது ஆசிரியை தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தாளாளருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "இங்கிலாந்து மேடமே எடுக்கும்போது லோக்கல் ஆள் எதுக்குங்க?" என்றார், மரியாதையாகத்தான்.

நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தினால் வெண்ணிலாவுக்கு இதுவும் இருக்காது.

போன வாரம் ஸ்கில்ஸ் லேபில் இருந்தே வகுப்பெடுத்தேன். மிஸ்டர் வில்சனின் கையை எடுத்துவைத்து, ஊசி இறங்கவேண்டிய இடம், சாய்வு எல்லாம் காட்டினேன். வெண்ணிலா எழுந்தாள்.

"மிஸ், நாளைக்கு வார்டுல எனக்கு மொத ஊசி. சாத்துக்குடியில போடறப்பவே கை ஆடுதுங்க. மங்கை மிஸ் இருந்தா கைமேல கை வெப்பாங்கன்னு சீனியர் அக்காங்க சொல்றாங்க. நாளைக்கு யாருங்க மிஸ் வெப்பாங்க?"

ஸ்டாஃப் அக்காவுக்கு நேரம் இருக்காது. வேறு யாரும் இல்லை. அவளே யோசித்து, பக்கத்துப் பெண்ணை எழுப்பி நிறுத்தினாள். "எப்படி வெக்கறதுன்னு காட்டுங்க மிஸ். நாங்களே ஒருத்திக்கு ஒருத்தி வெச்சுக்கறோம்."

காட்டினேன். கேமராவுக்கு முன்னால், பிளாஸ்டிக் கைமேல் என் கையை வைத்தேன். இறுக்கிப் பிடிக்காதே, சும்மா வை என்றேன். என் குரல் தர்மபுரி வகுப்பறையில் மோதித் திரும்பி எனக்கே கேட்டது. வெண்ணிலா சாத்துக்குடியையும் ஊசியையும் எடுத்தாள். அந்தப் பெண் அவள் கைமேல் தன் கையை வைத்தாள். அவளும் முதல் வருடம், அவளும் இதுவரை யாருக்கும் ஊசி போட்டதில்லை.

திரையில் இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின. இங்கே என் கை கொஞ்சமும் நடுங்காமல் மிஸ்டர் வில்சன்மேல் கிடந்தது.