கோடு நேராகத்தான் இருக்கிறது

2016 டிசம்பர் 3 – கண்ணாடிக் கம்பளிப் பலகை, பன்னிரண்டு – 148.60
2017 பிப்ரவரி 18 – மூலைகளுக்குத் தடித்த பலகை, நான்கு – 211.00
2018 மே 5 – கூரைக்கு இரட்டை அட்டைப்பலகை, பசையோடு – 934.25
2019 செப்டம்பர் 28 – படிக்கட்டுக்குக் கைப்பிடி – 62.40
2020 அக்டோபர் 10 – சூடு தரும் சாய்வு நாற்காலி, ஒன்று – 719.00
2022 மார்ச் 12 – தரைக்குக் கம்பளம் – 385.75

அத்தனையும் டாலர். ரைஸ் லேக் ஊரில், தன் வீட்டுக் கீழ்த்தளத்தின் உத்தரத்தில், தச்சுப் பென்சிலால் வெர்லின் ஹோஸ்ட்வெட் எழுதிவைத்திருக்கும் பட்டியல் இது. சினிமா பார்க்க ஓர் அறை வைத்திருக்கும் மனிதர் வாங்கிய சாமான்கள் என்று படிப்பவர் நினைக்கலாம். ஆறு வரியும் ஒரே ஆளை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வெர்லின் அறையின் ஒலியை அளக்கிறார். வேறு சத்தம் கலக்கக் கூடாது என்று முதலில் ஹீட்டரை நிறுத்துவார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி இருந்தாலும் நிறுத்துவார். பிறகு ஃப்ரிட்ஜின் செருகியைப் பிடுங்கி, கார் சாவியை முட்டைத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்துவார். ஃப்ரிட்ஜை மறுபடி போட மறந்தாலும் சாவி இல்லாமல் எங்கும் போக முடியாது. தேடி வந்துதான் ஆகவேண்டும். சுவர்க் கடிகாரம் துவாலையில் சுற்றப்பட்டு காருக்குப் போகும். கடைசியாகப் படிக்கட்டின் அடியிலிருந்து ஒரு குரல்.

"அளக்கப் போறேன்!"

"அளந்துக்கோ! கோட்டு மாட்டிக்கிட்டாச்சு!" என்று மேலிருந்து அவர் மனைவி அர்லிஸ் பதில் கொடுப்பாள். "சீக்கிரம் முடி. வீடா இது, மீன் வைக்கிற ஐஸ் பெட்டியா?"

பிறகு ஒலிபெருக்கிகளிலிருந்து பதினோரு விநாடி ஓர் ஊளை. ஆழத்தில் உறுமலாகத் தொடங்கி, ஏறிக்கொண்டே போய், நூலிழை போன்ற கீச்சில் முடியும். நாற்காலியில் தலை சாயும் இடத்தில் முக்காலி மேல் நிற்கும் மைக் அதைக் கேட்டு, கணினித் திரையில் ஒரு கோடாக வரையும். அறை எந்த ஒலியைப் பெருக்குகிறதோ அதை ஒலிபெருக்கிகளை இயக்கும் பெட்டி குறைக்கும். எதை விழுங்குகிறதோ அதைக் கூட்டும். பெட்டியால் சரிசெய்ய முடியாத எதிரொலியைச் சுவர்ப் பலகைகள் குடித்துவிடும். இரண்டும் சேர்ந்தால் கோடு நேராகும். ஊளையின் கடைசி மூன்று விநாடி வெர்லினுக்குக் கேட்பதில்லை. திரையில் கோடு ஓடி நிற்பதைப் பார்த்துத்தான் முடிந்தது என்று தெரிந்துகொள்வார்.

அவருக்கு எழுபத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் கவுண்டி நிர்வாகத்தில் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். பெட்ரோல் பங்குகளில் ஐந்து கேலன் அளவுக் குடத்தில் பிடித்துப் பார்ப்பதும், கறிக்கடைத் தராசில் பித்தளைக் கல் வைத்துப் பார்ப்பதும் வேலை. "என் தராசு சரியாத்தான்யா இருக்கு, அப்பா காலத்துத் தராசு" என்று கடைக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். வெர்லின் குரலை உயர்த்த மாட்டார். "அபிப்பிராயம் வேண்டாம். கல்லைப் போடு" என்பார். அந்த ஒரு வாக்கியத்தால் மூன்று கடைகள் மூடியிருக்கின்றன என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு என்பதுதான் சரி.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் ஒருமுறை கை தட்டுவார். எதிரொலி எப்படி என்று பார்க்கிறாராம். உணவகத்தில் தட்டினால் பரிமாறும் பெண் ஓடி வருவாள். நண்பர் டுவேன் பிலார்ஸ்கியின் தாயார் இறந்தபோது சடலம் வைத்திருந்த மண்டபத்திலும் தட்டிவிட்டார். முன்வரிசையில் இருந்த டுவேன் திரும்பிப் பார்த்து, "அம்மா நல்லாத்தான்டா வாழ்ந்தாங்க, அதுக்காகக் கைதட்டணுமா?" என்றார். அர்லிஸ் அன்றைக்குக் காரில் வீடு வரும்வரை சிரித்தாள்.

அது 2014-இல். அப்போது அவள் கீழே வந்து உட்காருவாள்.

2016 நவம்பர் 12, சனிக்கிழமை, இருவரும் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் அர்லிஸ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொம்பளை 'ஸ்' சொல்றப்பல்லாம் பல்லுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு, வெர்லின்."

வெர்லின் படத்தை நிறுத்தி, திரையில் கோட்டை வரவழைத்தார். "பாரு. நேரா இருக்கு. நாப்பது ஹெர்ட்ஸ்லேர்ந்து பதினாறாயிரம் வரைக்கும்."

"கோடு நேராத்தான் இருக்கு. எனக்குப் பல்லு கூசுதே."

"அது அபிப்பிராயம்" என்றார் வெர்லின்.

அர்லிஸ் இருபத்தாறு வருடம் ஷெரீஃப் அலுவலகத்தில் அவசர அழைப்புகளை எடுத்தவள். அழுகைக்கு நடுவே தெருப் பெயரைப் பிடிப்பவள். பேசுகிறவன் குடித்திருக்கிறானா, பயந்திருக்கிறானா என்று இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துகொள்பவள். கறிக்கடைக்காரனுக்குச் சொன்னதைக் கணவர் தனக்கும் சொன்னதை அவள் பெரிதாக்கவில்லை. படம் முடியும்வரை இருந்தாள். அடுத்த வாரம் முட்டி வலி என்றாள். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னாள். அடுக்களை மேடைக்கு உள்ளங்கை அகல ஒலிபெருக்கியோடு ஒரு சின்ன டிவி வந்தது.

வெர்லினுக்கும் கண் இருக்கிறது. திங்களும் வியாழனும் அர்லிஸ் துணிக்கூடையோடு பதினான்கு படி இறங்கி, அறைக்கு அந்தப்பக்கம் இருக்கும் சலவை இயந்திரத்துக்குப் போகிறாள். பதினான்கு படி ஏறுகிறாள். கையில் கூடை இருந்ததால் கைப்பிடியை அவள் தொட்டதே இல்லை. ஆனாலும் கைப்பிடி போட்டார். எதிரொலிதான் அவளைத் துரத்துகிறதோ என்று பலகைகள் மாட்டினார். முதுகு சுடும் நாற்காலி வாங்கினார். சிமென்ட் தரை குளிரும் என்று கம்பளம் விரித்தார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அளந்தார். கோடு முன்னைவிட நேரானது. "கீழ வந்து பாரேன், கோடு எப்படி இருக்குன்னு" என்று கூப்பிட்டார். "இருக்கட்டும்" என்றாள் அர்லிஸ். அந்தச் சொல்லில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அவருக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

கூரைக்கு இரட்டைப் பலகை அடித்தது அவளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்பதற்காக. அதன் பிறகு கீழே படத்தில் வெடிக்கும் வெடி மேலே கேட்பதில்லை. மேலே அவள் நடப்பதும் கீழே கேட்பதில்லை. அதற்கு முன்னெல்லாம் எந்தக் கோப்பையை எடுக்கிறாள் என்றுகூடச் சொல்லிவிடுவார். இப்போது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அவளுடைய வினாடிவினா நிகழ்ச்சி தொடங்கினால், வெர்லின் தன் படத்தை நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் நான்காவது படியில் போய் உட்காருகிறார். கதவு இடுக்கு வழியாக அவள் சிரிப்பது அங்கே வரைக்கும் வரும். அதற்குக் கீழே வராது.

மேலேயே போய் உட்காரலாமே என்றால், போய்ப் பார்த்தவர்தான். அந்தச் சின்ன டிவியில் ஒரு சொல்லும் அவருக்குப் பிடிபடுவதில்லை. "என்ன சொன்னான்?" என்பார். அர்லிஸ் சொல்வாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த நகைச்சுவை போய்விடும். "என்ன சொன்னான்?" மூன்றாவது ஞாயிறு அவரே இறங்கிவிட்டார்.

டுவேன் கால்பந்தாட்டம் பார்க்க வருவதுண்டு. ஒருமுறை மைக் நிற்கும் நாற்காலியைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். "மைக்குக்கு முதுகு சுடுற நாற்காலி, எனக்கு மடக்கு நாற்காலி! நல்லா இருக்குடா உன் நியாயம்."

"அது அர்லிஸ் இடம்."

"அர்லிஸா? அவ மேல புதிர்ப்படம் அடுக்கிக்கிட்டு உக்காந்திருக்கா."

"தெரியும்" என்றார் வெர்லின்.

சென்ற நவம்பர் கடைசியில் அர்லிஸ் அவரைக் காது மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பரிசோதித்த இளம்பெண் ஒரு தாளைக் காட்டினாள். அதிலும் ஒரு கோடு. மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரை நடந்து வந்து, அப்புறம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கிற்று. "மிஸ்டர் ஹோஸ்ட்வெட், 'ஸ்', 'ஷ்' எல்லாம் நீங்க கேக்கல. ஊகிச்சு நிரப்பிக்கிறீங்க. ரொம்ப வருஷமா" என்றாள்.

கோடு என்றால் வெர்லின் மறுத்துப் பேச மாட்டார். அர்லிஸ் மருந்துக் கடைக்குப் போயிருக்க, காரில் இருபது நிமிடம் தனியாக உட்கார்ந்திருந்தார். 'ஸ்' விஷயத்தில் தனக்குச் சாட்சி சொன்னது மைக் ஒன்றுதான் என்பது அப்போது உறைத்தது. அந்த மைக்குக்குச் சாட்சி யார்? வேலையில் இருந்தபோது தன் பித்தளைக் கற்களை வருடம் தவறாமல் மாடிசனிலிருந்த மாநிலச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி முத்திரை வாங்குவார். முத்திரை ஒரு நாள் காலாவதியாகியிருந்தாலும் எவன் தராசையும் தொட்டதில்லை. மைக்கை வாங்கியது 2012-இல். அதோடு வந்த ஒரு தாள்தான் இன்றுவரை அதற்கு முத்திரை.

டிசம்பர் 11 அன்று அதைப் பஞ்சில் பொதிந்து, மிச்சிகன் மாநிலத்தின் ஹான்காக் ஊருக்குத் தபாலில் அனுப்பினார். அங்கே ரெய்னோ ஹாக்கலா என்பவர் தனியாளாக மைக்குகளைச் சோதித்துத் தருகிறார். எதையும் கையால் எழுதித்தான் பதில் போடுவார். முதல் கடிதம் டிசம்பர் 20: கிடைத்தது, வரிசையில் இருக்கிறது. இரண்டாவது ஜனவரி 12: முடிவில் நம்பிக்கை வரவில்லை, இன்னொரு முறை பார்க்கிறேன். அந்த இரண்டு மாதமும் நாற்காலியில் முக்காலி இல்லை. கீழே போகும்போதெல்லாம் அது காலியாக இருப்பதைத்தான் வெர்லின் பார்த்தார். மைக் நின்றவரை அது அவ்வளவு காலியாகத் தெரிந்ததில்லை.

மூன்றாவது கடிதத்தைத் தபால் பெட்டியருகே பனியில் நின்றபடியே பிரித்தார். ஆறாயிரத்துக்கு மேல் மைக் நாலரை டெசிபல் குறைவாகக் கேட்கிறது. ஆகவே உங்கள் பெட்டி உச்ச ஒலிகளை அந்த அளவுக்கு ஏற்றிவிட்டிருக்கும். மைக் என்றைக்குக் கெட்டது என்று சொல்ல வழியில்லை. கடைசி வரி: 'உங்கள் வீட்டில் யாரும் குறை சொல்லவில்லையா?'

அர்லிஸ் அடுக்களை மேசையில் ஆயிரம் துண்டுப் புதிர்ப்படத்தில் வானத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடிதத்தை வானத்தின் மேலேயே வைத்தார். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். கடைசி வரியை இரண்டாம் முறை படித்தாள்.

"இதக் கண்டுபிடிக்க ஏழு வருஷமா?"

"ஏழு வருஷம், ரெண்டு மாசம், இருபத்தெட்டு நாள்."

"இத மட்டும் கரெக்டா சொல்லு, கிழவா."

வெர்லின் தொப்பியைக் கழற்றவில்லை. தோளில் பனி கரைந்து சொட்டியது. "கீழ வர்றியா?" என்றார். "மைக் இல்ல. நான் குறைச்சுக்கிட்டே வர்றேன். எப்ப சரியாகுதுன்னு நீதான் சொல்லணும்."

"நான் சொன்னா அது அபிப்பிராயம்ல?"

"ஆமா" என்றார் வெர்லின். "அதுதான் வேணும்."

அர்லிஸ் கையிலிருந்த நீலத் துண்டை அதற்குரிய இடத்தில் பொருத்திவிட்டு எழுந்தாள். கூடை இல்லாமல் இறங்கினாள். பகல் இரண்டு மணி. ஏதோ ஒரு படம், ஒரு பெண் ஜன்னலோரம் நின்று யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுகிறாள். வெர்லின் திரைக்கு முதுகு காட்டி, மனைவியின் முகத்தைப் பார்த்தபடி ரிமோட்டை அழுத்தினார். ஓர் அழுத்தலுக்கு அரை டெசிபல்.

"இப்ப?"

"குத்துது."

"இப்ப?"

"குத்துது. எனக்கு முன்னாடி நிக்காத, தள்ளி நில்லு."

தள்ளி நின்றார். அழுத்தினார். அவருக்கு எந்த அழுத்தலிலும் எதுவும் மாறவில்லை. அந்தப் பெண் முதலிலும் இப்போதும் ஒரே மாதிரிதான் பேசினாள். ஆறு. ஏழு. எட்டாவதில் "இப்ப?" என்றதற்குப் பதில் வரவில்லை. அர்லிஸ் கம்பளிச் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கால்களையும் நாற்காலி மேல் மடக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாலரை டெசிபலுக்கு ஒன்பது அழுத்தல். கடிதப்படி இன்னும் ஒன்று பாக்கி. வெர்லினின் கட்டைவிரல் பொத்தான் மேலேயே சற்று நேரம் நின்றது. பிறகு ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியைச் சத்தமில்லாமல் இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைய தேதி 2024 பிப்ரவரி 9, வெள்ளிக்கிழமை.