மலை தெரிந்தால் வரலாம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து போகிறவர்களில் என் அக்காவின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் கிடையாது. இரண்டாம் நடைமேடைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு மைக், அவள். "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்து, எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது கிளம்புகிறது, எது இன்றைக்கு வராது என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்வாள். முதல் தடவை காதில் விழவாம், இரண்டாவது தடவை மண்டையில் ஏறவாம். வீட்டிலும் இதே கூத்துதான். "குழம்பு சூடா இருக்கு, குழம்பு சூடா இருக்கு" என்பாள். மைக்கம்மா என்று ஊரே கூப்பிட்டதில் ஆச்சரியமே இல்லை.

ஊரையெல்லாம் வழியனுப்பி வைத்தவள், தான் எங்கேயும் போனதில்லை. அதற்கு நேரமும் இல்லை. பஸ் ரத்தாகிவிட்டால் ஜனங்கள் மேலே ஏறி வந்து கண்ணாடியைத் தட்டி அவளைத்தான் திட்டுவார்கள். பஸ்ஸை அவள்தான் தூக்கி மேசைக்கடியில் ஒளித்து வைத்த மாதிரி. "அறிவிக்கிறவ மேல பாய்ஞ்சா பஸ் வந்துடுமா? நீ நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்கக் கூடாதா?" என்று நான் குதிப்பேன். "விடுடி, போக வேண்டியவங்க, பாவம்" என்பாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அந்த மேசைக்கடியில் உண்மையில் ஒளிந்திருந்தது அவள் மகன். அப்பா இல்லாத பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே வந்துவிடுவான். அவளுடைய கால்மாட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியே வளர்ந்தான். பெரியவனானதும், தனக்குப் பிறகு அவனையே அந்த நாற்காலியில் உட்கார வைக்க யார் யார் கையையோ பிடித்துக் கெஞ்சி ஏற்பாடு செய்தாள். அவன் ஒரே போடாகப் போட்டான். "இந்தக் கூண்டு எனக்கு வேணாம்மா." அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு கோபம், "அப்படின்னா என் மூஞ்சியிலேயே முழிக்காத!" என்று கத்திவிட்டாள். அதை மட்டும் ஒரே தடவைதான் சொன்னாள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

போய்ச் சேர்ந்த இடத்தை என்னவென்று சொல்ல? மலையைத் தாண்டி, காட்டைத் தாண்டி, கடல் வந்து முட்டுகிற ஒரு மூலை. ரோடு கிடையாது. வருஷம் பூராவும் மழை. வியாழக்கிழமைதோறும் எங்கள் ஊரிலிருந்து எட்டுப் பேர் உட்காருகிற ஒரு குட்டி விமானம் போய்வரும். அது இறங்குகிற மண் பாதையின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அவனுக்கு வேலை.

"எதிர்ல ஒரு மலை இருக்கு சித்தி. அது தெரிஞ்சா விமானத்தை வரச் சொல்லணும். தெரியலன்னா திருப்பி அனுப்பணும். அவ்வளவுதான்."

"மலை தெரியுதான்னு பார்க்கறதுக்குச் சம்பளம் வேறயாடா?" என்றேன். சிரித்தான். அம்மா மாதிரியே சிரிப்பான், கழுதை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணுவான். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வைப்பாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், உடம்பு எப்படி, பரவாயில்லை. அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடாது. பின்னால் தகரத்தின்மேல் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊரில் மழை என்பது எப்போதாவது தலைகாட்டும் சொந்தக்காரர். அதனால் நாங்கள் இருவரும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு அந்த மழையையே கேட்டுக்கொண்டிருப்போம். வெளியே வெயில் கொளுத்தும், சமையலறையில் மழை பெய்யும். கடைசியில் அக்கா மெதுவாகக் கேட்பாள்.

"ஒரு நடை வந்து பார்க்கட்டுமாப்பா?"

"இப்ப வேணாம்மா. மழை."

ஒவ்வொரு ஞாயிறும் இதே பதில். அவன் வைத்த பிறகும் அவள் போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். "மழை இல்லடி. நான் சொன்னத மனசுல வச்சிருக்கான்" என்பாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. எந்த ஊரில் ஐயா ஒரு நாள்கூட மழை விடாமல் இருக்கும்?

"கேட்டாத்தானே வேணாம்பான்? கேட்காம போய் இறங்குவோம்" என்றேன் ஒரு நாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

அதற்குப் பிறகு வீடே வேறு வீடாகிவிட்டது. இரண்டு மழைக்கோட்டுகள் வாங்கினோம். மாலையில் அக்கா தன்னுடையதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நிற்பாள், பளீரென்று வெயிலடிக்கிற கூடத்தில். ரப்பர் பூட்ஸ் காலுக்குப் பழகட்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே தோசை வார்த்தாள். கிளி நிறத்தில், நீல நிறத்தில், சாம்பல் நிறத்தில் மகனுக்கு மூன்று ஸ்வெட்டர் பின்னினாள். பின்னும்போதே கண் செருகும். "தூங்கலடி, போயிட்டு வந்தேன்" என்பாள். கனவில் விமானம் வாசலுக்கே வந்து நிற்குமாம், ஏறினதும் சத்தமில்லாமல் மேகத்துக்குள் நுழையுமாம், உள்ளே ஈர மண் வாசனை அடிக்குமாம். ஆனால் இறங்குவதற்குள் விழிப்பு வந்துவிடுமாம். ஒரு நாள் மைக்கில் பஸ் ஊர்களுக்கு நடுவே அந்தக் கடலோர ஊரின் பேரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். இரண்டு தடவை. அது எந்த நடைமேடை என்று ஒருவர் மேலே வந்து கேட்டாராம்.

வியாழக்கிழமையும் வந்தது. சின்ன விமானம், எடை கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பையைத்தான் நிறுப்பார்கள் என்று நினைத்து இந்தப் புத்திசாலி மூன்று ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, மேலே மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கொளுத்துகிற வெயிலில்! தராசுக்குப் பக்கத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"பையோட நீங்களும் ஏறுங்கம்மா. ஆளையும் சேர்த்துத்தான் நிறுப்போம்."

அக்கா ஏறினாள். முள் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. "பின்னாடி பாரம் கூடாது. நீங்க முன்னாடி, பைலட் பக்கத்துல உக்காருங்க" என்றாள்.

அப்படித்தான் என் அக்காவுக்கு முன் இருக்கை கிடைத்தது. பைலட் தம்பி அவள் தலையில் ஹெட்போனை மாட்டி, வாய்க்கு நேராக ஒரு மைக்கையும் இழுத்துவிட்டான். மைக்கைப் பார்த்ததும்தான் அவளுக்குப் படபடப்பு அடங்கியது. நான் நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மேலே போனதும் நான் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டேன். கீழே எங்கள் காய்ந்த பூமி நழுவிக்கொண்டே போனது. பிறகு பச்சை, அதற்குப் பிறகு கரும்பச்சை. அப்புறம் எல்லாமே வெள்ளை. மேகத்துக்குள் போனதும் நேரம் என்ற ஒன்றே இல்லாமல் போய்விட்டது. மழை ஜன்னலில் படுத்தபடியே ஓடியது. அவள் கனவுக்குள் நானும் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிவிட்டது போல இருந்தது.

திடீரென்று அக்கா திரும்பினாள். கண் இரண்டும் விரிந்திருந்தன.

"அவன்டி! அவன் குரல்! மலை தெரியல, மலை தெரியலன்னு சொல்றான். திரும்பிடுங்க, திரும்பிடுங்கங்கறான்!" விமான இரைச்சலையும் மீறிக் கத்தினாள். "என்னை மாதிரியே ரெண்டு தடவ சொல்றான்டி!"

அவள் வருகிறாள் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. அப்படியென்றால் அத்தனை ஞாயிறும் அவன் சொன்ன மழை, வெறும் மழைதான்.

பைலட் தம்பிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளைப் பார்த்தான். "உங்க பையனாம்மா? சில சமயம் சட்டுனு திறக்கும். ஒரே ஒரு தடவை தாழப் போய்ப் பார்க்கட்டுமா?" அவன் கேட்டது பின்னால் எனக்கும் கேட்டது. போ என்று சொல்லிவிடு அக்கா என்று வாய்வரை வந்தது. கீழேதான் இருக்கிறான். இந்த வெள்ளைக்கு அடியில், மலை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தபடி.

அக்கா ஜன்னலையே பார்த்தாள்.

"வேணாம் தம்பி. அவன் தெரியலன்னுட்டான்ல? திருப்புங்க." அப்புறம் சொன்னாள். "வராதுன்னு சொல்றவனுக்கு எவ்வளவு வலிக்கும்னு எனக்குத் தெரியாதா? அவன் வார்த்தைய நானே மீறலாமா?"

விமானம் சாய்ந்து திரும்பியது. தம்பி என்ன நினைத்தானோ, ஒரு பித்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேசுங்க என்று சைகை காட்டினான். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பயணிகளின் கவனத்திற்கு. இன்று வரவேண்டிய உன் அம்மா, மழை காரணமாகத் திரும்பிச் செல்கிறாள். அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் வருவாள்." மூச்சு விட்டாள். "பயணிகளின் கவனத்திற்கு. இன்று வரவேண்டிய உன் அம்மா..." அதற்குமேல் முடியவில்லை. என் அக்கா ஓர் அறிவிப்பைப் பாதியில் விட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பித்தானை விட்டான். அவள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். எனக்கு இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அவள் தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

எங்கள் ஊர் வெயிலில் வந்து இறங்கினோம். மழைக்கோட்டின் பட்டனைக்கூடக் கழற்றாமல் நேராக டிக்கெட் ஜன்னலுக்கு நடந்தாள்.

"நில்லுக்கா! என்னதான் சொன்னான்?"

"வாம்மான்னான்டி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு தடவ சொன்னான்."