மூன்றாவது பிளக்கின் மரை

சிங்கப்பூர் தனி நாடான மறு வருடம், ஜூன் மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். விடுமுறையில் ஆறு வாரம் ஏதாவது ஒரு பட்டறையில் கையால் வேலை செய்து, அப்படிச் செய்ததாக முதலாளியிடம் கையெழுத்து வாங்கி வந்தால்தான் மூன்றாம் ஆண்டுக்குப் போக முடியும். எனக்குக் கிடைத்தது ஃபேரர் பார்க் திடலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கார் பட்டறை.

முதலாளி தமிழர், நல்லவர். ஆனால் பெண்பிள்ளையை எண்ணெயிலும் கரியிலும் விட அவருக்கு மனம் வரவில்லை. முதல் வாரம் முழுவதும் டெலிபோன் மேசையில் உட்கார வைத்தார். நான் தினமும் காலையில் ஓவரால் போட்டுக்கொண்டே போய் அவர் முன்னால் நின்றேன். இரண்டாம் வாரம் அவருக்கே சலித்துவிட்டது.

“சரிம்மா, போய் ஸ்பேனரைத் தொடு. ஆனா ஒண்ணு. கஸ்டமர் கார்ல ஒரு டேமேஜ் வந்துச்சுன்னா மிச்ச நாளும் டெலிபோன்தான். கையெழுத்தும் டெலிபோனுக்குத்தான் போடுவேன்” என்றார்.

டெலிபோன் எடுத்ததற்கான கையெழுத்தைக் கல்லூரி ஏற்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற பழக்கம் உண்டு. ஓவரால் பையில் ஒரு சின்ன நோட்டு எப்போதும் இருக்கும். பிரேக் சரிசெய்யப் பதினான்கு படி, எண்ணெய் மாற்ற ஒன்பது படி, ஸ்பார்க் பிளக் மாற்றப் பதினொரு படி. எல்லாம் கல்லூரியில் செய்து பார்த்து எழுதியவை. பத்து நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பட்டறையின் பெரிய ஃபிட்டர்கூட, “தங்கச்சி புஸ்தகத்தைப் பாத்து வேலை செய்யுது, நாம கைரேகையைப் பாத்துச் செய்யுறோம் லா” என்று சிரிப்பாரே தவிர, குறை சொன்னதில்லை.

அன்று காலை எட்டரை மணிக்கு ஒரு மிஸ்ஸி, பிரசவம் பார்க்கிற நர்ஸ், தன் காரைக் கொண்டுவந்து விட்டார். பக்கத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் பகல் வேலை. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் சாங்கிப் பக்கத்துக் கம்பங்களுக்கு, அதாவது கிராமங்களுக்கு, போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கார் ஒரு சின்ன இத்தாலியக் கார்.

“பிள்ளை, பிளக்கை மட்டும் மாத்தி விடும். நாலு மணிக்கு நான் வெளிக்கிட வேணும். சாங்கியில மூண்டு பேர் மாசம் முட்டி இருக்கினம்” என்று சொல்லிவிட்டு வேகமாக ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உடனே ஆரம்பித்தேன். முதல் பிளக் வந்தது. இரண்டாவது கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தது. மூன்றாவது, பாதிச் சுற்றுக்குப் பிறகு கரகரவென்றது. நான் நிறுத்தியிருக்க வேண்டும். பட்டியலில் ‘கழற்று’ என்று இருந்தது; கழற்றினேன். பிளக்கோடு சேர்ந்து வெள்ளி நிறத்தில் ஒரு சுருள் வெளியே வந்தது. துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். மரை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

என்ன தவறு என்று புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் கல்லூரியில் பழகிய ஆங்கிலேய இஞ்சினில் பிளக்குகள் நிற்கிற மேல்பாகம், சிலிண்டர் தலை, வார்ப்பிரும்பு. இது அலுமினியம். அதைவிடப் பெரிய விஷயம், கல்லூரி இஞ்சின் ஸ்டாண்டில் நிற்கிற இஞ்சின், ஒருநாளும் ஓடியதில்லை. எப்போதும் குளிர்ந்தே இருக்கும். ஓடி வந்த சூட்டில் அலுமினிய மரை இளகியிருக்கும், இரும்புப் பிளக்கோடு பிய்ந்து வந்துவிடும், ஆறவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்று என் பதினொரு படியில் ஓர் இடத்திலும் இல்லை. ஓடாத இஞ்சினைப் பார்த்து எழுதிய பட்டியல் அது.

பெரிய ஃபிட்டர் வந்து எட்டிப் பார்த்தார். “மரை கழண்டது இஞ்சினுக்கா, தங்கச்சிக்கா?” என்று கேட்டவர் என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “விடு. பிளக்ல நூலைச் சுத்தி, கொஞ்சம் பசை போட்டு இறுக்கிடு. சாங்கி போயிடும், திரும்பியும் வந்துடும். எத்தனையோ வண்டிக்கு நானே செஞ்சிருக்கேன். முதலாளிக்கு ஏன் தெரியணும்?”

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். இதை எழுதும்போதும் அவர் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் நூலில் நிற்கிற பிளக் எப்போது பீறிட்டுக் கிளம்பும் என்று சொல்ல முடியாது. சாங்கி ரோட்டில் தென்னந்தோப்புக்கு நடுவில், மாசம் முட்டின மூன்று பேருக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் அது கிளம்பினால்?

முதலாளியிடம் போனேன். “மூணாவது பிளக் மரை போச்சுங்க. நான்தான் கழட்டினேன். சூட்டோட கழட்டிட்டேன்.”

அவர் கத்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கார் ஏஜெண்டுக்கு அவரே போன் போட்டார். புதுத் தலை கப்பலில் வர வேண்டும், தலையைக் கழற்றினால் மாற்றிப் போடுகிற கேஸ்கெட்கூட இருப்பில் இல்லை என்று பதில் வந்தது.

“அப்ப தலையைக் கழட்டவும் முடியாது. என்ன செய்யப்போறே?”

“துளையைப் பெருசா வெட்டி, வெண்கலத்துல குழாய் மாதிரி ஒரு புஷ் கடைஞ்சு உள்ளே திருகிடறேன். புஷ்ஷுக்குள்ளே பிளக் மரை. பழசைவிட அது கெட்டியா இருக்கும்.”

“செஞ்சிருக்கியா?”

“புஷ் கடைஞ்சிருக்கேன். இஞ்சின்ல வெச்சதில்லை.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி. நாலாச்சுன்னா நான் அந்தம்மாவுக்கு டாக்சி பிடிச்சுக் கொடுத்துட்டு, உனக்கு டெலிபோன் நாற்காலியை இழுத்துப் போடுவேன்.”

நோட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேவையானவற்றை எழுதினேன். வெண்கலத் துண்டு: பழைய சாமான் பெட்டியில் இருந்தது. லேத்: இருந்தது, பின்கட்டில். புஷ்ஷின் உட்பக்கத்தில் மரை வெட்டப் பதினாலு மில்லிமீட்டர் டேப்: பிளக் துளைகளைச் சுத்தம் செய்ய வைத்திருந்தார்கள். பெரிதாக்கிய துளையில் மரை வெட்டப் பதினெட்டு மில்லிமீட்டர் டேப், புஷ்ஷின் வெளிப்பக்கத்தில் அதே மரை வெட்ட டை: இரண்டும் இல்லை. அந்தப் பட்டறையில் மற்றதெல்லாம் அங்குலக் கணக்கு.

பதினெட்டு மில்லிமீட்டர் என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. பழைய லாரிகளின் பிளக்குகள் அந்த அளவு. குப்பை டின்னைக் கிளறி, அப்படி ஒரு செத்த பிளக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்கு நடந்தேன். வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப்போட்ட கருவிகள் அங்கே பாய் பாயாக விரித்திருக்கும்.

மூன்று கடை பார்த்தும் இல்லை. நான்காவது பாயில் ஒரு சீன அம்மா, விசிறியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஓவரால் போட்ட தமிழ்ப் பெண்ணை மேலும் கீழும் பார்த்து, “சுடா காவின்?” என்றார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று மலாயில் கேட்கிறார். “பெலும்” என்றேன், இன்னும் இல்லை. நான் மரப்பெட்டியைத் திறந்து துருப்பிடித்த டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, லாரிப் பிளக்கைத் திருகிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரரிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இப்படி இருந்தால் எப்படிக் கல்யாணம் ஆகும் என்பதாகத்தான் இருக்க வேண்டும்.

ஏழாவது டையில் பிளக் வெண்ணெயில் போவதுபோலப் போனது. அதற்கு ஜோடியான டேப்பும் அதே பெட்டியில், மெழுகுக் காகிதம் பிரிக்காமல் இருந்தது. நான் “ஆஹா!” என்று கத்திவிட்டேன். சிரித்த அம்மா, தன் பெட்டிக்குள் கைவிட்டு டேப்பைப் பிடிக்கும் கைப்பிடியையும் தேடி எடுத்துக் கொடுத்தார். அதை நான் என் பட்டியலில் எழுத மறந்திருந்தேன்.

பட்டறைக்குத் திரும்பியபோது பன்னிரண்டு. துளையை வெட்டிவிட்டால் பின்வாங்க வழியில்லை. அதனால் புஷ்ஷை முதலில் கடைந்தேன். முதல் புஷ் கெட்டது. உள்மரை வெட்டும்போது அவசரத்தில் டேப் சாய்ந்து, ஒரு பக்கச் சுவர் தாள் மாதிரி ஆகிவிட்டது. குப்பையில் போட்டுவிட்டு, வெளியே குழாயடியில் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டாவது தடவை லேத்திலிருந்து துண்டைக் கழற்றாமல், டேப்பின் பின்முனையை லேத்தின் முனையிலேயே தாங்கிக்கொண்டு கையால் திருகினேன். நேராக இறங்கியது. மேலே மெல்லிய காலர். பிளக்கின் நுனி பழைய ஆழத்திலேயே நிற்க வேண்டும், தாண்டினால் வால்வில் இடிக்கும்.

மணி இரண்டரை. பெரிய ஃபிட்டர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். “இரும்புத் தூள் உள்ளே விழுந்தா இஞ்சினே போச்சு, தெரியும்ல?”

“அலுமினியத் தூள்ண்ணே. விழாது. கிரீஸ் குடுங்க.”

பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்தேன். டிரில்லில் ஆழத்துக்கு அடையாளமாகத் துணிநாடா ஒட்டி, பள்ளம் தெரியாமல் கிரீஸ் பூசினேன். மின்சார டிரில்லைத் தொடவில்லை, எல்லாம் கையால். இரண்டு சுற்று, வெளியே எடு, தூள் ஒட்டிய கிரீஸைத் துடை, புதுசு பூசு. பிறகு டேப். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அது நேராக இறங்குகிறதா என்று நான் மூலைமட்டத்தை வைத்துப் பார்க்க, பெரிய ஃபிட்டர் எதிர்ப்பக்கம் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, “வலது பக்கம் ஒரு மயிரிழை… போதும், போதும், விடு” என்றார். யாரோ ரேடியோவை நிறுத்தியிருந்தார்கள்.

புஷ்ஷைத் திருகினேன். கடைசிச் சுற்று இறுகிப் பிடித்தது. விளிம்பில் மூன்று இடத்தில் பஞ்ச் வைத்து அடித்தேன், இனி சுழலாது. கிரீஸ் தடவிய குச்சியாலும் காற்றுக் குழாயாலும் உள்ளே துடைத்து, பிளக் இல்லாமலே இஞ்சினைச் சுழலவிட்டேன். மிச்சம் இருந்தது வெளியே பறந்தது. நாலு பிளக்கையும் முதலில் விரலாலேயே திருகி, பிறகு அளவாக இறுக்கினேன்.

சாவியைத் திருப்பினது முதலாளி. ஒரு இருமல். இன்னொரு இருமல். பிறகு நாலு சிலிண்டரும் ஒரே குரலில் பிடித்துக்கொண்டன. மூன்றாவது பிளக்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

“அடி சக்கை!” என்று பெரிய ஃபிட்டர் என் முதுகில் தட்டப்போய், பெண்பிள்ளை என்று நினைவு வந்து, காரின் பானட்டைத் தட்டினார்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மிஸ்ஸி வந்தார். நடந்ததை நானே அவரிடம் சொன்னேன், சூட்டோடு கழற்றியதிலிருந்து.

“இப்ப சாங்கி வரைக்கும் போகுமோ?”

“போகும் மிஸ்ஸி.”

“எண்டால் நீரும் ஏறும். நிண்டுபோனால் தள்ளுறதுக்கு ஆள் வேணும்.”

முதலாளி வாசலில் நின்றார். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “போய்ச் சேந்ததும் போன் பண்ணு” என்றார், அவ்வளவுதான்.

கேலாங் தாண்டும் வரை நான் இஞ்சின் சத்தத்தை மட்டுமே கேட்டேன். மிஸ்ஸி தன் பிரசவக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதிக்குப் பிறகுதான் நானும் சிரிக்க ஆரம்பித்தேன். மேடு ஏறினோம், லாரியை முந்தினோம், மழையிலும் நிற்காமல் ஓடினோம். சாங்கியில் அவர் கர்ப்பிணிகளைப் பார்க்கிற கிளினிக் முன்னால் வண்டி நின்றதும், படியில் காத்திருந்த பெண்கள் எழுந்தார்கள். மிஸ்ஸி பையை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவே போய்விட்டார். காரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பானட்டைத் தூக்கினேன். மூன்றாவது பிளக்கைச் சுற்றிக் காய்ந்து, சுத்தமாக இருந்தது.

கிளினிக்கிலிருந்து போன் செய்தேன். “வந்து சேந்துட்டோம். கசிவு இல்லைங்க.”

முதலாளிதான் எடுத்தார். “நாளைக்கு எட்டு மணிக்கு ஒரு கிளட்ச் வேலை இருக்கு. உனக்குத்தான். லேட்டா வராதே.”

பஸ்ஸில் திரும்பும்போது வாய்விட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் ஆள் இருந்ததால் பாடவில்லை.

இப்போது ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். தவறுகள் இப்போதும் நடக்கின்றன, என் கையாலும் நடக்கின்றன. ஆனால் “நான்தான் செய்தேன்” என்று முதலில் சொல்லிவிட்டால் பிறகு கை தன் வேலையைப் பார்க்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டதால், தவறு நடந்த அன்று நான் முன்போலப் பயப்படுவதில்லை.